பாளையங்கோட்டை மழைக்கால இரவுக் காப்பகம்: ஒரு செவிலியரின் மதிப்பீடு

ஓட்டலுக்கும் துணிக்கடைக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். வீடற்றவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம் எப்படி நடக்கிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் அவசர இரவுக் காப்பகத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். மண்டபத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரத்துக்காகக் கொடுத்த இடமில்லை என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் வெளியே வந்தால் சோறு போடுவதைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பெருகிவிடுவார்கள் என்ற கவலை நடத்துகிறவர்களுக்கும் இருக்கிறது. இடம் தேவைப்படுகிறவர் திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்து ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் போதும், கொண்டுவந்தே விட்டுவிடுவார்கள்.

நான் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கே இரவு முறைக்கு வந்துபோகிறேன். நிர்வாகக் குழுவில் எனக்கு இடமில்லை, அதனால் குறைகளையும் தயங்காமல் சொல்ல முடியும்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஓடியது. சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாக நின்றது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது. பின்னர் அரசு நிவாரணம் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6000 ரூபாய், ரேஷன் அட்டையைக் கொண்டு கொடுத்தார்கள். வீடு இடிந்தவர் கணக்கில் வந்தார். வீடே இல்லாதவர் எந்தக் கணக்கில் வருவார்? படித்துறை மண்டபத்திலும் மேம்பாலத்தின் அடியிலும் கடைத் திண்ணையிலும் படுத்திருந்தவர்களிடம் அட்டை ஏது? அந்த நாட்களில் ஆளுக்கொரு பக்கம் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடியவர்களில் சிலர் பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் இந்தக் காப்பகம்.

அவர்கள் கண்டுபிடித்த முதல் விஷயமே என்னை வியக்க வைத்தது. இடத்துக்குப் பணம் திரட்ட அவர்கள் முயலவே இல்லை. யாருடைய இடம் எப்போது சும்மா கிடக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் உண்டு, மண்டபம் கிடைக்காது. அந்த இரண்டு மாதமும் ஒரு தேவாலயத்தின் சமூகக் கூடத்தைத் திறந்துவிடுகிறார்கள். டிசம்பர் பாதியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்குத் தேவாலயத்துக்குக் கூடம் வேண்டும். சரியாக அதே நேரத்தில் மார்கழி பிறக்கிறது, கல்யாண மண்டபம் காலியாகிறது. பாயும் போர்வையும் பாத்திரமும் ஒரே நாளில் ஒரு பள்ளி வேனில் இடம் மாறுகின்றன. காலைக் கஞ்சியை மேலப்பாளையத்து இளைஞர்கள் காய்ச்சுகிறார்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய அண்டாக்கள் மற்ற மாதங்களில் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். கல்யாண மண்டபத்தையும் பள்ளிவாசல் அண்டாவையும் தேவாலயக் கூடத்தையும் ஒரு நாட்காட்டியில் கோத்துவிட்டார்கள். இதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

காப்பகத்தை எப்போது திறப்பது என்பதையும் யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். ஊரில் மழை பெய்தால் திறப்பது என்று வைத்திருந்தால் பாதி நாள் தவறிப்போயிருக்கும். நமக்கு ஆபத்து மலையிலிருந்து வருகிறது. மாஞ்சோலை மலையில் நாலுமுக்கிலும் ஊத்திலும் காக்காச்சியிலும் கொட்டித் தீர்க்கும்போது பாளையங்கோட்டையில் வெயிலடிக்கும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அவை நிரம்பும் நிலைக்கு வந்து தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தவுடன் இங்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆட்டோ நிறுத்தங்களுக்கும் இரவு டீக்கடைகளுக்கும் செய்தி போகிறது. குறுக்குத்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை படித்துறைகளில் படுத்திருப்பவர்களை ஆட்டோக்காரர்கள் நேரில் போய் எழுப்புகிறார்கள். காக்கிச் சட்டை போட்ட யாராவது எழுப்பினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், தினமும் பார்க்கிற ஆட்டோ அண்ணாச்சி வந்து கூப்பிட்டால் ஏறி உட்கார்கிறார்கள்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். வாசலில் மணமக்கள் பெயரைப் பொருத்தும் பலகை இருக்கிறது அல்லவா, அதில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: இன்று தங்குகிறவர்கள் ஆண் எத்தனை, பெண் எத்தனை, இரவுச் சாப்பாடு யார் பொறுப்பு, பத்து மணிக்கு யார், இரண்டு மணிக்கு யார், காலைக் கஞ்சி எப்போது வரும். உள்ளே நுழைகிற எவரும் யாரிடமும் கேட்காமல் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

பலகைக்குப் பக்கத்து மேசையில் நீளமான ஒரு பேரேடும் ஒரு பட்டன் போனும் இருக்கும். என் மதிப்பீட்டில் இந்தக் காப்பகத்தின் உயிர் இந்த இரண்டு பொருட்களில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவும் உண்டு. ஆனால் அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் முக்கியமான செய்தி புதைந்துபோகும். பட்டன் போன் அப்படியில்லை. எண் ஒன்றுதான், அது காப்பகத்தை விட்டு வெளியே போவதே இல்லை. யார் இரவு முறையில் இருக்கிறாரோ அவர் கையில் அது இருக்கும். காவல் நிலையம், ஆட்டோ நிறுத்தம், மருத்துவமனை, சமையல்காரர் எல்லோருக்கும் அந்த ஒரு எண்தான்.

பேரேட்டில் பெயர், வந்த நேரம், சாப்பிட்டாரா, மாத்திரை உண்டா என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'அடுத்து வருகிறவர் செய்ய வேண்டியது'. அந்தக் கட்டத்தில் நான் படித்த சில வரிகளை அப்படியே தருகிறேன். "மூன்றாம் தூண் ஓரம் படுத்திருக்கும் பெரியவருக்கு வலது காலில் புண். சர்க்கரை உண்டு. காலையில் பாயசம் வந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டாம்." "ஜன்னலோரத்து ஆச்சி இரவில் எழுந்து வாசலுக்கு நடப்பார். திட்டக் கூடாது. பக்கத்தில் ஒருவர் படுத்தால் போதும்." "புதிதாக வந்த தம்பிக்கு இந்தி மட்டும்தான் தெரியும். ரயில்வே கேண்டீனில் வேலை பார்க்கும் பையனை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்."

அடுத்த முறைக்காரர் வந்து கடைசிப் பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் கையெழுத்துப் போடும்வரை முந்தையவர் கிளம்பக் கூடாது என்பது விதி. வார்டில் நாங்கள் படுக்கை படுக்கையாக நடந்து பணியை ஒப்படைப்போம். அந்தக் கட்டுப்பாட்டை ஆட்டோ ஓட்டுகிறவரும் கல்லூரி மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரு நாளும் தளர்த்தாமல் கடைப்பிடிப்பதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பலனையும் நேரில் பார்த்தேன். ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு மாலை நனைந்து வந்தார். வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சட்டைப் பையில் இருந்த மாத்திரைகள் மழையில் கரைந்து மாவாகியிருந்தன. மருத்துவமனைச் சீட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மாலையில் இருந்த மாணவர் அதைப் பேரேட்டில் எழுதி, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற ஆட்டோ வேண்டும் என்று குறித்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு வந்தவர் ஆட்டோவைப் பிடித்துச் சீட்டைக் கொடுத்தனுப்பினார். மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தவர்கள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு வந்தவர் அவரை எழுப்பி அதை விழுங்கவைத்து நேரத்தைக் குறித்தார். மாணவரும் ஆட்டோக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரு வேளை மாத்திரை தவறினாலே வலிப்பு வரக்கூடிய ஆளுக்கு அந்த இரவு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி. உளுத்தம்பருப்புச் சாதமும் எள்ளுத் துவையலும் வந்த இரவு பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாதாரண நாட்களில் இட்லி, சாம்பார். தரம் நன்றாகவே இருக்கிறது, காரணம் சமையலறைப் பொறுப்பில் இருக்கும் அக்கா. கார்த்திகையில் ஒரு மறுவீட்டு விருந்திலிருந்து பெரிய தூக்குவாளி நிறையச் சொதி வந்தது. தேங்காய்ப்பாலில் செய்த சொதி நம் பக்கத்துப் பெருமை, ஆனால் நேரம் கடந்தால் புளித்துவிடும். அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார், ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார், எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்று கேட்டார். காலை பத்து மணிக்கு என்றார் கொண்டுவந்தவர். அப்போது மாலை ஆறு. "அண்ணாச்சி, மனம் வருந்தாதீர்கள். சோற்றையும் இஞ்சித் துவையலையும் வைத்துக்கொள்கிறேன், இது வேண்டாம்" என்றார். வந்தவர் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் பட்டினி கிடந்த வயிற்றில் கெட்ட சொதி போனால் இரவு முழுவதும் இருக்கிற கழிப்பறைகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். ஏழைக்கு எதைக் கொடுத்தாலும் புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் இந்த அக்காவிடம் வந்து நிற்க வேண்டும்.

தேதிக் கணக்கும் அவர் கையில்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, வைகுண்ட ஏகாதசி என்றால் பிரியாணியும் பொங்கலுமாகக் குவியும். நடுவில் வரும் செவ்வாய்க்கிழமையைக் கேட்க நாதியிருக்காது. "அன்றைக்கு ஆள் இருக்கிறார்கள் அண்ணாச்சி, அடுத்த செவ்வாய்க்கு உங்கள் பெயரை எழுதட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே வாரத்தைச் சமன்படுத்திவிட்டார். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அன்றுதான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் அவர் போராடுவதில்லை. அவர்களிடம் சோப்பும் தேங்காயெண்ணெயும் கேட்கிறார். யார் சாப்பாடு கொடுத்தாலும் சாப்பிடுகிறவரைப் படமெடுக்க அனுமதி இல்லை.

உடல்நலக் கவனிப்பில் நடத்துகிறவர்கள் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பிறகு கால்களைப் பார்க்கிறார்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்து வந்தவர்களின் பாதத்தில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் எலிக்காய்ச்சலுக்கு அது வாசல். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ச்சல் இருந்தால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்குக் காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை. சிரங்குதான் தீராத தொல்லை. பாயும் போர்வையும் கைமாறுகிற இடத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். கொதிநீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும் என்பது சரி, ஆனால் மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது? வண்ணார்பேட்டை இஸ்திரிக் கடைக்காரர் ஒருவர் போர்வைகளை வாங்கிப்போய்ச் சூடாகத் தேய்த்துத் தருகிறார். மிஞ்சியதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி, ஒரு வாரம் மூலையில் வைத்துவிடச் சொன்னேன். ஆளின் தோலை விட்டுப் பிரிந்தால் அந்தப் பூச்சி சில நாட்களுக்கு மேல் பிழைக்காது. இப்போது மேடைக்குப் பின்னால் தேதி எழுதிய பைகள் வரிசையாக இருக்கின்றன.

குடித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது என்பதில் நடத்துகிறவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு பாதிப் பேர். அதற்கு நான் கடுமையாக எதிர்ப்புச் சொன்னேன். போதையில் மழையில் படுப்பவன் சாகலாம். குடிக்குப் பழகிய உடம்பு ஓரிரு நாள் குடிக்காமல் இருந்தாலும் கை நடுங்கி வலிப்பு வரலாம், நிதானமாக இருக்கிறார் என்று உள்ளே சேர்த்த ஆளுக்கே அது வரும். இரண்டுக்கும் கண் வேண்டும். இப்போது பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் அவர்களுக்குத் தனி இடம், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒருவர் பார்த்துக்கொள்கிறார். சண்டைக்கு வந்தால் மட்டும் காவலர்களை அழைக்கிறார்கள். மனநலம் பாதித்து அலைகிறவர்கள் விஷயத்தில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. காவல்துறை அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பிரிவின் நகலைப் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். வாதாடாமல் நகலைக் காட்டினால் வேலை நடக்கிறது.

இனி குறைகள். பெண்களுக்கு ஒதுக்கியிருப்பது மணமகள் அறை. கண்ணாடியும் மின்விசிறியும் உண்டு, சரி. ஆனால் கழிப்பறைக்குப் போக ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தைக் கடக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பீடி சுற்றும் பெண், விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்ததாக என்னிடம் சொன்னார். அது உடம்புக்கும் கேடு, மனத்துக்கும் கேடு. பின்பக்கம் ஒரு கதவைத் திறந்து நடைபாதைக்குத் தகரம் போட்டால் தீரும் விஷயம். கேட்டுக் கேட்டும் இன்னும் நடக்கவில்லை. கணவன் மனைவியாக வருகிறவர்களைப் பிரித்துத்தான் படுக்கவைக்கிறார்கள். கண் தெரியாத கணவருக்குத் துணையாக இருக்கும் ஆச்சி அந்தப் பிரிவை ஏற்காமல் மழையிலேயே திரும்பிப் போனார். இதற்கு ஒரு திரைச்சீலை போதும்.

காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதியும் எனக்கு உடன்பாடில்லை. கஞ்சி குடித்துவிட்டு, அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சாப்பிட்டுவிட்டு, பகல் முழுவதும் மழையில் எங்கே நிற்பார்கள்? 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் காப்பகம் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், தலைக்கு 50 சதுர அடி இடம். 2011 கணக்கெடுப்பிலேயே நான்கரை லட்சத்தைத் தாண்டிவிட்ட மாநகராட்சிக்கு அந்தக் கணக்கில் எத்தனை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த மண்டபத்தில் கூட்டமான இரவுகளில் ஒரு பாயின் அகலம்தான் ஒருவருக்குக் கிடைக்கிறது.

இன்னொன்று என்னை மிகவும் வருத்தியது. ஒரு மருத்துவமனையிலிருந்து, மூத்திரக் குழாய் போட்டபடியே ஒரு பெரியவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் இல்லை, மருந்தும் இல்லை. தன்னார்வலர்கள் நடத்தும் இடம் நோயாளியைத் தள்ளிவிடும் இடமாகக் கூடாது. இனி சீட்டில்லாமல் நோயாளியை ஏற்பதில்லை, ஆனால் வாசலில் வந்தவரை அதே ஆட்டோவில் ஒரு தன்னார்வலரும் ஏறித் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள். நல்ல முடிவு. உள்நோயாளிக்குத் துணையாகத் தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மருத்துவமனை வராண்டாவில் நனைகிறவர்களுக்கும் இடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு வீடு இருக்கிறது, படுக்கத்தான் இடமில்லை. மழை இரவில் அவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை, அது சரிதான்.

யாரையாவது அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: தயங்க வேண்டாம். ஆதார் கேட்க மாட்டார்கள், பெயரையே சாப்பிட்ட பிறகுதான் கேட்பார்கள். பெண்ணாக இருந்தால் இரவு எட்டு மணிக்குள் அழைத்துப் போங்கள், அப்போது பெண் தன்னார்வலர் நிச்சயமாக இருப்பார். பழைய பட்டுப்புடவையும் கிழிந்த கால்சட்டையும் மூட்டை கட்டாதீர்கள். புது உள்ளாடை, ரப்பர் செருப்பு, சானிட்டரி நாப்கின், நகவெட்டி, இவைதான் எப்போதும் தீர்ந்துபோகின்றன. நேரம் கொடுக்க முடிந்தவர்கள் இரவு இரண்டு மணி முறைக்குப் பெயர் கொடுங்கள், பலகையில் அந்த வரிதான் பல நாள் வெறுமையாக இருக்கிறது.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கும், மண்டபத்தை ஒப்படைத்துவிடுவார்கள். பாய்களை வைக்க மாடிப்படியின் கீழ் ஒரு அறையை உரிமையாளர் விட்டுக்கொடுத்திருக்கிறார். பகலிலும் திறந்திருக்கும் நிரந்தரக் கட்டடமும், பெண்களுக்குத் தனிவாசலும் கேட்டு, அடுத்த ஐப்பசிக்கு முன்னால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கிறோம். மனுவின் நகல் பேரேட்டுக்கு அடியில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.